நூற்றுக்குத் தொண்ணூறு

"ஒவ்வொரு மேசையிலயும் நூத்துக்குத் தொண்ணூறு தேறுது சார். அப்புறம் என்ன குறை?" மேற்பார்வையாளர் விறைப்பாக நின்றார்.

தர அதிகாரி கையிலிருந்த மின்விசிறியைக் கீழே வைத்தார். "மொத்தம் அஞ்சு மேசை. அஞ்சுலயும் பழுதே இல்லாம நூத்துக்கு எத்தனை விசிறி வெளிய வரும்?"

"தொண்ணூறுதான்."

"பெருக்கிப் பாருய்யா! வேற யாராவது சொல்லுங்க."

மூன்றாம் மேசையில் திருகு முடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிராமலே சொன்னாள். "அம்பத்தொன்பது சார்."

"கேட்டுக்கிட்டீங்களா? இனிமே ஒரு மேசைக் கணக்கை மட்டும் சொல்லி என் காதுல பூ சுத்தாதீங்க."

மதியத்துக்கு மேல் தர அதிகாரிக்கு அரைநாள் விடுப்பு. மருத்துவமனையில், அவர் மகளின் கோப்பைப் புரட்டியபடி டாக்டர் பேசினார்.

"சிகிச்சை அஞ்சு கட்டம். ஒவ்வொரு கட்டமும் நல்லபடியா முடிய தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு இருக்கு. ஒண்ணு தவறினாலும் அடுத்ததுக்குப் போக முடியாது."

அவர் தலையாட்டினார். எழுந்து வெளியே வந்தார்.

மகளை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு, அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

"டாக்டர் என்னங்க சொன்னார்?"

"தொண்ணூறு சதவீதம்னு சொன்னார்."

அவள் மடியிலிருந்த செருப்பின் வாரை நீவினாள். மூன்றாம் மேசையின் எண்ணெய்க் கறை அவள் விரல்களில் இன்னும் போகவில்லை.

"எத்தனை கட்டம்?" என்று கேட்டாள், நிமிராமலே.