முகவரியைக் கொடுத்தது யார்?

அன்று காலை மட்டும் நாற்பத்தேழு பேர் அவளைத் தேடியிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

ஒருவர் வழுக்கைக்கு எண்ணெய் விற்றார். இன்னொருவர் படகு வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர், அவள் பெயருக்கு லாட்டரி விழுந்திருப்பதாகச் சத்தியமே செய்தார்.

"இருபது நாளா இதே ரோதனை." வீட்டுக் கம்ப்யூட்டரின் மவுஸைத் தள்ளிவிட்டாள். "என் மெயில் ஐடி இவங்களுக்கெல்லாம் எப்படித்தான் போச்சோ."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். ஊசி முனையில் காட்டும் அதே கவனத்தை மெயில் முகவரியிலும் காட்டுவாள். செருப்புக் கடையில் கேட்டால்கூட, "எனக்கு மெயிலே கிடையாதுங்க" என்று கூசாமல் பொய் சொல்வாள்.

கணவன் பின்னால் வந்து நின்றான். அச்சகத்தில் வேலை, கம்ப்யூட்டர் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நீ ஒண்ணையும் தொடாதே. தெரியாத மெயிலைத் திறந்தா இன்னும் நூறு வரும். சாயங்காலம் வழக்கம்போல நானே உக்காந்து அழிச்சுடறேன்."

"பாத்து அழிங்க. ஒரு முக்கியமான மெயில் வரணும்."

"சரி" என்றான். எங்கிருந்து, எதற்கு என்று கேட்கவில்லை. தொணதொணக்காத மனிதன். அதனால்தான் இந்தத் தொல்லை தொடங்கிய பிறகு கடவுச்சொல்லையே அவனிடம் கொடுத்திருந்தாள்.

வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில், பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போன மாதம் நேர்காணல் முடித்திருந்தாள். பன்னிரண்டு வருடமாக எல்லா அறிக்கையும் அவள் தயாரித்தது, கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. நேர்காணல் அழைப்புக் கடிதத்தைக்கூட மடித்துக் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

வேலைக்குப் போனதும் எரிச்சல் கூட வேலை பார்க்கும் தோழியின் மேல் பாய்ந்தது.

"எந்தக் கடையிலயாவது பரிசுக் கூப்பன்ல என் ஐடியை எழுதிப் போட்டியா?"

தோழிக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கு வேற வேலை இல்லையா? கடைக்கு ஒரு ஐடி, காரியத்துக்கு ஒரு ஐடின்னு ரெண்டு வெச்சுக்கோன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா நீ?"

அதன்பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோதனைக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினார்கள்.

மூன்று மணிக்கு போன் வந்தது. நேர்காணல் நடத்திய அம்மாள்.

"மூணு மெயில் அனுப்பினோம்மா. ஒண்ணுக்கும் பதில் இல்லை. உங்களுக்கு விருப்பமில்லைன்னு நினைச்சு, இன்னைக்குக் காலையில வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை, அதான் கூப்பிட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே வரலையே மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் டீயோடு வந்தான்.

"என்ன ஆச்சு?"

"நான் எதிர்பார்த்த மெயில் வந்திருக்குங்க. குப்பையோட குப்பையா அதுவும் போயிடுச்சு. அத்தனைக்கு நடுவுல நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க, பாவம்." குரல் உடைந்தது. "என் ஐடியை ஊர் பூரா எழுதிக் குடுத்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

அவன் டம்ளரை மேசைமேல் வைத்தான். பக்கத்தில் உட்காரவில்லை. தரையைப் பார்த்தபடியே நின்றான்.

"அந்த வேலைக்குப் போயிட்டா, நீ திரும்பி வரவே மாட்டியோன்னு பயந்துட்டேன்."