கெட்டில் வைக்க மறந்த நாடு

நார்மன் மறுபடியும் டையைத் தளர்த்தினார்.

மின்சாரக் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. 'மில்கேட் தெரு' தொடர். அதைப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். தொடரின் முடிவு இசை கேட்டதும் நாடு முழுக்க எழுந்துபோய் டீக்கு மின்சாரக் கெட்டிலைப் போடும். அத்தனை கெட்டிலுக்கும் அதே நொடியில் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஏதோ ஓர் ஊர் இருட்டில் உட்கார்ந்து எங்களைத் திட்டும்.

அதற்காகவே வேல்ஸில் ஒரு மலைமேல் ஏரித் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். நார்மன் போனில் "விடு" என்றால் விடுவார்கள்; அது பாய்ந்து மின்சாரமாக வரும். எதிர்ச்சுவரில் உள்ள அதிர்வெண் மீட்டரின் பெரிய முள் ஐம்பதில் ஆடாமல் நிற்க வேண்டும். கெட்டில் அதிகமானால் முள் இறங்கும். தண்ணீர் அதிகமானால் ஏறும். இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

நார்மன் வருடக்கணக்காக இந்தத் தொடரைப் பார்த்துவருகிறார்; ஒரு வசனம்கூடக் காதில் ஏறியதில்லை. கல்யாணமாகாத பெண் அதில் பிள்ளை பெற்றாள். ஜமைக்காக் குடும்பம் ஒன்று அந்தத் தெருவில் வீடு வாங்கியது. பத்திரிகைகள் குதித்தன, பாதிரியார்கள் கடிதம் எழுதினார்கள். கெட்டில் மட்டும் நேரம் தவறியதே இல்லை. இந்த நாடு எதற்கு அதிர்ந்தாலும் கையில் டீக் கோப்பையோடுதான் அதிரும்.

இன்று மட்டும் அவர் வசனத்தைக் கேட்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி டோரீன் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்ததிலிருந்து என்னிடம் அதே புலம்பல்.

"கடிகாரத்தைப் பாக்காதே, டிவில அந்த மனுஷன் மூஞ்சியைப் பாரு, பாத்துட்டு வீட்டுக்குப் போன் பண்ணுங்கிறா. நான் என்ன சின்னப் புள்ளையா, கண்ணு?"

தொடரில் சிட்னி என்று ஒரு லாரி ஓட்டுநர். அவன் மகன் இன்னொரு பையனைக் காதலிக்கிறான் என்று தெரிந்ததும் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான். இன்று மகன் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் கதவைத் தட்டப் போகிறான். கதவு திறக்குமா, திறக்காதா? ஒரு வாரமாக மதுக்கடைகளில் இதே பந்தயம்.

நார்மனின் மகன் கிரெய்கின் கதையும் அதுதான். போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் அவன் பையைத் தூக்கி வாசலில் வைத்தவர் நார்மன். அதன்பிறகு பேச்சு இல்லை. மகனைக் கூப்பிட அவருக்கு ஆசை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். எப்படி ஆரம்பிப்பது என்பது அவருக்குத்தான் தெரியவில்லை. சிட்னி செய்வதைப் பார்த்துத் தானும் அதையே செய்துவிடலாம் என்று காத்திருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

திரையில் அழைப்பு மணி அடித்தது.

கதவின் மங்கலான கண்ணாடியில் இரண்டு நிழல்கள். சிட்னி வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நார்மன் டீயில் நனைத்த பிஸ்கட் கரைந்து உள்ளே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நார்மன், நேரமாச்சு. மலைக்குச் சொல்லணும்," என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனில் "விடு" என்றார்.

சிட்னி தாழ்ப்பாளில் கையை வைத்தான்.

முடிவு இசை.

அவ்வளவுதான். மீதி புதன்கிழமை.

"அயோக்கியப் பசங்க," என்றார் நார்மன்.

முள் ஏறியது. தண்ணீர் வந்துவிட்டது, கெட்டில் வரவில்லை. முள் கெட்டுப்போய்விட்டதோ என்று நான் கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

"அது சரியாத்தான் இருக்கு, கண்ணு. யாரும் எந்திரிக்கலை. எல்லாரும் அந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

எத்தனை வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இப்படி உட்கார்ந்திருந்தார்களோ.

நார்மன் போனை எடுத்தார். மலைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் சுழற்றியது வீட்டு எண்.

எடுத்தது டோரீன் இல்லை. ஓர் இளைஞன் "ஹலோ" என்றது எனக்கே கேட்டது. அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆண் குரல் ஏதோ கேட்க, டோரீன் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் மூவரும் நார்மனின் சோபாவில் உட்கார்ந்துதான் அந்தக் கதவைப் பார்த்திருக்கிறார்கள்.

நார்மன் மேசையைப் பிடித்துக்கொண்டார். முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு போனில் மலையைப் பாதி மூடச் சொன்னேன்.

"கிரெய்க்," என்றார். "நான் வர்றவரைக்கும் போயிடாதீங்க. ரெண்டு பேரும்."

போனை வைத்துவிட்டு முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அப்போதுதான் நாட்டுக்கு டீ ஞாபகம் வந்தது. முள் தொபுக்கென்று இறங்கியது. திறங்க, முழுசாத் திறங்க என்று நான் கத்தினேன்.

"இதை எழுதுறவனை முதல்ல இந்த ஏரியில தள்ளுங்க," என்றான் மலைக்காரன்.

புதன்கிழமை நாங்கள் இருவரும் அதே நாற்காலிகளில் இருந்தோம். சிட்னி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். திரும்பி மாடிக்கு ஏறிப் போய்விட்டான். கண்ணாடியிலிருந்த நிழல்கள் நகர்ந்தன.

"பயந்தாங்கொள்ளி," என்றார் நார்மன், மலைக்குப் போன் போட்டுக்கொண்டே.