மீனை மாற்றினால் போதுமா?

"மறுபடியும் எல்லாம் செத்துப்போச்சுக்கா. மக அழுதுட்டே இருக்கா. நல்ல சுறுசுறுப்பான மீனா ஒரு டஜன் குடுங்க."

மீனக்கா வலையைக் கையில் எடுக்கவில்லை. வண்ண மீன் விற்பதால் தெரு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். எதிரே நின்ற இளைஞன் சில மாதங்களாக வருகிறவன். சொல்லப்போனால், இப்போது அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வாடிக்கை.

"போன தடவையும் இதையேதான் சொன்னே. உன் வீட்டுல இருக்கிறது மீன் தொட்டியா, சுடுகாடா?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "விருந்தாளி வர்ற நேரம்க்கா. வந்ததும் நேரா தொட்டியைத்தான் பார்ப்பாங்க. காலியா இருந்தா மானம் போயிடும்."

வெயிலில் வந்தவனாயிற்றே என்று ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "போர் தண்ணியாக்கா?"

"கேன் தண்ணிதான், தைரியமா குடி. இந்தத் தெருவுல போர் தண்ணியை இப்ப யார் வாயில வைக்கிறா?"

அப்புறம்தான் ஒரு வாய் குடித்தான்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். தெருக்கோடியில் இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பின்பக்கக் குட்டையில் விடுகிற தண்ணீர் நிலத்தில் இறங்கி, தெருவின் போர் எல்லாம் நாறத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. மீனக்கா கடையில் பாதித் தொட்டிகள் காலியானதும் அதனால்தான்.

"இன்னைக்கு அங்க அதிகாரி சோதனைக்கு வர்றாராம். நீங்களும் வர்றீங்களாக்கா?"

"வந்து? போன தடவை மாதிரி வாசலோட பார்த்துட்டு, எல்லாம் சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டுப் போவார். அந்த நிலையத்து மேனேஜர் ஒரு நாளாவது நம்ம முன்னால வந்து நின்னாரா? கண்ணுல படட்டும், நல்லா நாலு வார்த்தை கேக்கிறேன்."

"நீங்க கேப்பீங்க. அவர் கண்ணுல படணுமே," என்றபடி தையல்காரர் நடந்தார்.

இளைஞன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, மீன்..."

"கிடையாது."

"ரெண்டு மடங்கு வேணும்னாலும் தர்றேன்."

காலையில் கடவுளை வேண்டிக்கொண்டுதான் கடை திறந்தாள். வந்த வியாபாரத்தை விரட்டுவதா என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. கண்ணாடிக்குப் பின்னால், காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில், மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு அவளையே பார்த்தன.

"நான் விக்கிறது வளர்க்கிறதுக்குப்பா, சாகடிக்கிறதுக்கு இல்ல. அதுவும் கடவுள் குடுத்த உயிர்தானே? கடையை இழுத்து மூடினாலும் சரி, உனக்கு ஒரு மீன்கூடத் தர மாட்டேன்."

அவன் பையில் போன் அலறியது. "மச்சான்தான்," என்று முணுமுணுத்தபடி எடுத்தான்.

"மீன் என்னடா ஆச்சு? வெறுங்கையோட வந்தேன்னா இந்தப் பக்கமே தலை காட்டாதே." குரல் கடை முழுக்கக் கேட்டது.

மீனக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயா, மீன் கடையில இருந்து பேசறேன். இந்தப் புள்ளைய ஏன் விரட்டுறீங்க? தப்பு மீன்ல இல்ல, உங்க தண்ணியில. தண்ணியைச் சரி பண்ணத் துப்பில்ல. வர்றவங்க கண்ணைக் கட்ட மீனை மட்டும் மாத்தி மாத்தி விட்டுட்டிருந்தா, அந்தப் பாவம் யாரைச் சேரும்? இன்னைக்கு மீனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வர்றவங்க உங்க தண்ணியை நல்லாப் பார்த்துட்டே போகட்டும்."

மறுமுனையில் போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் குரல் தணிந்திருந்தது. "மன்னிச்சுக்கோப்பா, உன் மச்சானைக் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். பொண்ணு அழுதா இங்க கூட்டிட்டு வா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்து மீனைப் பார்க்கட்டும். காசெல்லாம் வேணாம்."

அவன் போனை அணைத்தான். சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த அடையாள அட்டையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா. அந்தத் தொட்டி உங்க தெருக்கோடி நிலையத்து வாசல்ல இருக்கு. 'நாங்க வெளிய விடுற தண்ணியில மீனே நீந்துது பாருங்க'ன்னு அதிகாரிக்குக் காட்டுறதுக்கு. இன்னைக்கு அதுல வெறும் தண்ணிதான் இருக்கும்."

மீனக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்ப... போன்ல நான் திட்டினது?"

தம்ளரில் மீதியிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் சொன்னான்:

"மேனேஜரைத்தான்க்கா."