அவள் படித்த இடம்

அவருக்குப் பகல் வேலை, மனைவிக்கு இரவு வேலை. முகம் பார்த்துப் பேச நேரம் வாய்க்காததால், கணினியில் ஒரே ஃபைலில் மாறி மாறி எழுதிவைத்தார்கள். யார் எத்தனையாவது எழுத்துவரை படித்திருக்கிறார்கள் என்று காட்ட, அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்.

மனைவி இறந்த அன்று அவளுடைய எண் 48,210. காரியமெல்லாம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஃபைலின் கடைசிக்குப் போய், "கொழாய் ஒழுகுறத சரி பண்ணிட்டேன்" என்று எழுதினார். மறுநாள் அவள் எண் அந்த வரியைத் தாண்டி நின்றது. புரோகிராமில் பிழை தேடினார், கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டுத் தினமும் எழுதினார்.

பதினோரு மாதம் கழித்து மகள் வந்து தோளைத் தொட்டாள்.

"போதும்பா. அம்மா இதப் படிக்கப் போறதில்ல. நீங்கதான் தேஞ்சு போறீங்க."

அவர் ஃபைலின் கடைசிக்குப் போனார். 'இனிமே எழுதல. கோவிச்சுக்காத' என்று எழுதி மூடினார்.

மூன்று நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் காலை திறந்து பார்த்தார். கடைசி வரியில் இருக்க வேண்டிய அவள் எண், பூஜ்யத்தில் நின்றது.

சாயங்காலம் அது முதல் வரியைத் தாண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் எழுதியது: 'சாப்பிட்டுத் தூங்கு. நான் சத்தம் போடாம கெளம்பறேன்.'