சாம்பல் நிறத்தில் ஒரு முகம்

ஆம்பூர் தோல் மண்டியில் வேலை பார்த்த ஞானசீலன் வாந்திபேதியில் இறந்தபோது அவன் மனைவி இன்பத்துக்கு நிறைமாதம். அவனைப் புகைப்படம் எடுத்ததே இல்லை. மகள் தவழத் தொடங்கியதும், மிஷன் பள்ளியில் ஓவியம் கற்றிருந்த இன்பம் அவனை நினைவிலிருந்து வரைய உட்கார்ந்தாள்.

முகம் முழுவதையும் முதலில் சாம்பல் நிறத்திலேயே தீட்டி, காய்ந்த பிறகு மேலே வர்ணம் ஏற்றுவதுதான் அவள் கற்ற முறை. சாம்பல் முகம் அச்சு அசலாக அவனாகவே வந்தது. ஆனால் அவள் திறந்தபடி தீட்டிய கண்கள் காலையில் மூடியிருந்தன. மறுபடி தீட்டினாள். மறுநாளும் மூடியிருந்தன.

“விட்டுடும்மா. எம்புள்ள தூங்கட்டும்” என்றாள் மாமியார் சவுரியம்மாள்.

“இவ அப்பா கண்ண இவ பாத்ததே இல்ல அத்தை. பாத்தே ஆவணும்.”

இன்பம் சளைக்கவில்லை. மூட மூடத் தீட்டினாள். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் கண்கள் திறந்தே இருந்தன. அன்றே வர்ணம் ஏற்றத் தொடங்கினாள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மகளைத் தூக்கிவந்து காட்டினாள். குழந்தை படத்தைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் படத்தின் இரு கன்னங்களிலும் வர்ணம் கரைந்து, அடியிலிருந்த சாம்பல் நிறம் கோடாகத் தெரிந்தது. இன்பம் முந்தானையால் மெல்லத் துடைத்தாள். துணியில் வர்ணம் ஒட்டவில்லை. ஈரம் மட்டும் இருந்தது.