பெயர் வெட்டிய டம்ளர்

மீனம்மாக்கா டம்ளர்களைச் சாக்கின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

கொட்டகையின் கீற்றைப் பாதி பிரித்துவிட்டார்கள். பத்து வருஷமாகப் பட்டப்பகலிலும் இருட்டாக இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. இவ்வளவு சின்ன இடத்திலா அத்தனை பேர் உட்கார்ந்து குடித்தோம் என்று இருந்தது எனக்கு.

முன்னால் பிராந்திக் கடை, பின்னால் அக்காவின் இந்த பார். இரண்டும் இருந்த நிலத்தைக் கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான். இந்தத் தொண்ணூற்றொன்று ஜூலையோடு எல்லாம் காலி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் பாலிடெக்னிக் மட்டும் அப்படியே நின்றது.

பையன்கள் கண்ணாடி கிளாஸ்களை உடைத்துத் தள்ளியதால் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். குடிக்க வருகிறவன் சொந்த டம்ளரோடு வரவேண்டும். ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் ஆசையாகப் பெயர் வெட்டிக் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் இப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன. பாவம், அவர்கள் பாலுக்கென்று வாங்கியது.

ப. கலைமணி. கணக்கில் அரியர் விழும்போதெல்லாம் இந்த டம்ளரைக் கட்டிக்கொண்டு அழுவான்.

எஸ். ஸ்ரீதர். இரண்டாவது ரவுண்டில் வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவான். மூன்றாவதில் அவர்களை மன்னித்துவிடுவான்.

கோ. ரகுபதி. அது என்னுடையது. ஆனால் அதை எடுக்க நான் வரவில்லை.

கடை போனதும் அக்கா மணிமங்கலத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்களோடு படித்த தாவீதின் அம்மா ஞானம்மா இருப்பதும் மணிமங்கலத்தில்தான்.

தாவீது குடிக்க மாட்டான். வ. தாவீது என்று வெட்டிய டம்ளரில் பன்னீர் சோடாவை ஊற்றி வைத்துக்கொண்டு எங்கள் உளறலையெல்லாம் பொறுமையாகக் கேட்பான். பிறகு கையைப் பிடித்து ஒவ்வொருத்தனாக ரோட்டைத் தாண்ட வைப்பான். லாரி ஓயாத ரோடு அது. அவன் இருந்ததால்தான் நாங்கள் மூன்று வருஷமும் முழுசாகத் திரும்பினோம்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம், ஒரு தமாஷுக்காக, அவன் சோடாவில் நான் ஜின்னைக் கலந்தேன். ஜின் தண்ணீர் மாதிரி இருக்கும். பன்னீர் வாசனையில் தெரியாது.

"இன்னாடா, இன்னிக்கு சோடா காரமா கீது" என்றான். நான் மட்டும் சிரித்தேன். அவன் இரண்டு டம்ளர் குடித்தான்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் அவன் ரோட்டில் இறங்கினான். இரண்டு பக்கமும் பார்க்காமல் இறங்கினான். லாரிக்காரன் பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை.

குடித்துவிட்டுச் செத்தான் என்று ஊரில் பேசினார்கள், சர்ச்சில் பேசினார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஞானம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வெறும் சோடாதான் குடித்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்று வருஷமாக அந்தப் பொய்யைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து, அவர் வீட்டுக்குப் போவேன். தாவீதின் டம்ளரில்தான் எனக்குக் காப்பி வரும். அவனுடைய ஹாஸ்டல் பெட்டியோடு வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கூடக் கொடுக்க ஒரு பிஸ்கட்கூட இல்லையே என்ற கூச்சமோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"வெறும் காப்பிதான் நைனா, குடி."

மகன் போன வீட்டில் என்னை இன்னொரு மகனாக வைத்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கமில்லாதவன் நான்.

ஜின் கலந்ததை அக்கா பார்த்திருந்தார். அன்று அந்த சோடாவை உடைத்துக் கொடுத்தவரே அவர்தான். ஒரே ஊரில், ஒரே தண்ணீர்க் குழாயடியில், இரண்டு பேரும் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பார்கள்?

"அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

அக்கா என் டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"அவ மூணாம் நாளே வந்துட்டா ரகு. பொட்டியில புள்ள டம்ளரக் காணோம், இங்க கீதான்னு தேடிக்கினு வந்தா. அவ ரோடு தாண்டுறதப் பாத்துட்டு, ஜின் வாசன போவட்டும்னு அவசரமா பன்னீர் சோடாவ ஊத்தி அலசி வச்சேன். கையில வாங்கி மோந்து பாத்தா. மூணு நாளாச்சே, இன்னும் ஈரமா கீதேன்னா. அப்புறம், கலந்தது யாருன்னு கேட்டா. என்னால பொய் சொல்ல முடியல."

டம்ளரை என் கையில் வைத்துவிட்டு அக்கா மீதிக் கீற்றைப் பிரிக்கப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட மணிமங்கலம் போயிருந்தேன். ஞானம்மா காப்பியைக் கொடுத்து, எப்போதும் சொல்வதையே சொன்னார். கடைசிச் சொட்டுவரை நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் எதுவும் கலக்கவில்லை என்றுதான் மூன்று வருஷமாக அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.