குடிச்சுக் காட்டு!

"இந்தாம்மா ஓட்டம்! நில்லு."

அந்தக் குரலைக் கேட்டாலே பாரதிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் செக்போஸ்ட். கார், பஸ், லாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏட்டு நவநீதன் இவளைத்தான் மறித்தார்.

"இடுப்புல என்ன?"

"தண்ணி பாட்டில் சார். போன வாரமும் இதேதான்."

"எல்லாப் பயலும் தண்ணின்னுதான் சொல்றான். முந்தாநாள் ஒருத்தன் காரைக்கால் சரக்க இளநிக்குள்ள ஊத்திக்கிட்டு வந்தான், தெரியுமா?"

"மோந்து பாருங்க சார்."

"எனக்கு ஜலதோஷம். குடிச்சுக் காட்டு."

ஒரு மடக்கு குடித்தாள்.

"முழுசாக் குடி. நாலு பாட்டிலும்."

வரிசையில் நின்ற மினி லாரி டிரைவர் தலையை நீட்டினான். "சைடிஷ் ஏதும் வேணுமா தங்கச்சி?"

குடித்து முடித்து வாட்ச்சைப் பார்த்தாள். நாலு நிமிஷம் போயிருந்தது.

புதுச்சேரியில் முழு மாரத்தான். அவளுக்கு முதல் மாரத்தான். இன்னும் நாலே வாரம். அதற்கு முன்னால் அடுத்த ஞாயிறு கோச் தெட்சிணாமூர்த்தியின் டெஸ்ட். கோட்டுச்சேரிமேட்டில் அவள் வீட்டிலிருந்து எல்லைக்குப் போக பதினாறு கிலோமீட்டர், வர பதினாறு. வாட்ஸ்அப்பில் கோச் குரல் கணீரென்று வந்திருந்தது:

"நாலு மணி நேரத்துக்குள்ள வந்தா வேன்ல எடம். நாலு மணி ஒரு நிமிஷம்னா டாட்டா, அடுத்த வருஷம்!"

பாட்டில் கட்டுவதே கோச் கட்டளைக்காகத்தான். வழியில் ஒரு சொட்டு குடிக்கமாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டி வரும். அந்த ரோட்டில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவது? வீடு நெருங்கும்போது அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டுப் போவாள். இந்த ஏட்டு வந்து எல்லாவற்றையும் கெடுத்தார்.

பாட்டில் இருந்தால்தானே மறிப்பார்?

டெஸ்ட் அன்று விடிகாலை நாலரை. அம்மா கனகம் நாகூர் மார்க்கெட்டுக்கு மீன் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி ஷேர் ஆட்டோவைப் பிடிக்கிற அவசரம்.

"இடுப்புல கட்டுறது எங்கடி?"

"இன்னைக்கு வேணாம்."

"ஒரு சொம்பு தண்ணியாவது குடிச்சிட்டுப் போ."

"வயிறு குலுங்கும்மா."

"ஊரே தூங்குற நேரத்துல ரோட்ட அளக்கப் போறா, இதுல பேச்சு வேற! போன மாசம் மாதிரி சுருண்டு விழுந்தீன்னா நான் வந்து தூக்கமாட்டேன். மாரத்தானும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, சொல்லிட்டேன்."

அவள் காதில் வாங்காமல் ஓடினாள்.

எல்லையைத் தொட்டபோது ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம். வெயில் அப்போதே சுள்ளென்றது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"பாட்டிலே இல்ல சார்!"

நவநீதன் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப வயித்துக்குள்ள இருக்கும். ஊதிக் காட்டு."

"சார்! டெஸ்ட் ஓட்டம் சார். விட்டுருங்க சார், ப்ளீஸ்!"

"காஞ்ச வாயால ஊதுனா மெஷின் தப்பாக் காட்டும். மொதல்ல இதக் குடி."

ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு லிட்டர் பாட்டில் வந்தது. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை. அவளுக்கு ருசி எங்கே தெரிந்தது? கண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது.

"அடியில இருக்கு பாரு, அதையும்."

"மெஷின் எங்க சார்?"

"சார்ஜ் இல்ல. போ."

ஐந்து நிமிஷம்! திட்டிக்கொண்டே திரும்பி ஓடினாள். போன மாதம் விழுந்த இடம் வந்தது. தொடை வலித்தது, பல்லைக் கடித்தாள், தாண்டிவிட்டாள். வீட்டு வாசலில் கோச் வாட்ச்சை நிறுத்தினார். மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிஷம், நாற்பது வினாடி.

"வேன்ல ஏறிக்க" என்றார்.

சந்தோஷப்படக்கூட விடவில்லை அந்த ஏட்டின் முகம். ராத்திரியே புகார் எழுதினாள். 'ஓடும் பெண்ணை வாராவாரம் மறித்துத் துன்புறுத்தும் ஏட்டு நவநீதன் மீது நடவடிக்கை எடுக்கவும்.' மறுநாள் காலை அதை அவருடைய மேலதிகாரியிடம் கொடுக்க நாகூர் பஸ் ஏறினாள்.

செக்போஸ்டில் சோதனைக்காக பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஏட்டு. அவர் முன்னால் கூடையை இறக்கி வைத்து, மார்க்கெட்டில் விற்றது போக மிஞ்சிய நாலு சங்கரா மீனை நீட்டிக்கொண்டிருந்தது... அம்மா!

அம்மாவிடமுமா மாமூல்? விடுவிடுவென்று இறங்கினாள். அவர்கள் இவளைக் கவனிக்கவில்லை.

"மீனெல்லாம் வேணாம்மா, எடுத்துட்டுப் போங்க. ஒங்க பொண்ணு என்னை மொறைக்கிற மொறைப்புக்கு இதத் தின்னா செரிக்காது."

"எலுமிச்சத் தண்ணிய மிச்சம் வெச்சாளா சார்?"

"ஒரு சொட்டு விடல. ஏம்மா, நீங்களே சொல்லிக் குடிக்க வெக்கக் கூடாதா? என்னைப் போயி வில்லனாக்கிட்டீங்களே!"

"நான் சொன்னா எங்க சார் கேக்குறா? போலீசு சொன்னாத்தான் குடிக்கிறா."

கனகம் கூடையைத் தலையில் ஏற்றினாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"சார், புதுச்சேரியில அவ ஓடப்போற ரோட்டுல ஒங்களுக்குத் தெரிஞ்ச போலீசு யாராச்சும் இருக்காங்களா?"